ஆயிரத்து நூற்றெட்டு ராசாக்களும் ஒரு குதிரையும்

வயலில் குதிரை இறங்கிய அன்று காலையிலும் வப்பன் ராசாவாகத்தான் கண் விழித்தான். தித்திரர் கணத்தில், அதாவது ராசாக்கள் கூடிப் பேசி ஆளும் அந்தக் குடியரசில், மொத்தம் ஆயிரத்து நூற்றெட்டு ராசாக்கள். அவன் ஆயிரத்து நூற்றாறாவது. அவனுக்கு அடுத்த இருவரில் ஒருவருக்குக் காது கேட்காது; மற்றவர் ஊரை விட்டுப் போய் மூன்று வருடம் ஆகிறது.

சதாநீரா ஆற்றுக்கு அந்தக் கரையில் நாட்டுக்கு ஒரு ராசா. இந்தக் கரையில் வீட்டுக்கு ஒரு ராசா. வீட்டுத் தலைவர் செத்தால் மகனை மன்றத்துக் குளத்துக்குக் கூட்டிப்போய் மூன்று முறை முக்கி எடுப்பார்கள். சொட்டச் சொட்ட நனைந்து கரையேறுகிறவன் ராசா. பதினோரு வருடத்துக்கு முன்னால் வப்பனையும் அப்படித்தான் முக்கி எடுத்தார்கள். அன்றிலிருந்து மன்றத்தில் கதவோரம், ஒரு பருத்த தூணுக்குப் பின்னால் அவனுக்கு ஆசனம். அங்கிருந்து பேசுகிறவரின் முகம் தெரியாது, முழங்கை மட்டும் சில சமயம் தெரியும். அதைப் பற்றி வப்பனுக்கு வருத்தமில்லை. மன்ற வாசலில் அவன் காலை வைத்ததும் காவலாள் "வப்ப ராசா வருகிறார்!" என்று கூவுவான். அந்தக் கூவலைக் கேட்கும்போது முதுகு தானாக நிமிரும். வருடத்தில் மற்ற நாள்களில் அவன் முதுகு நிமிர வழியில்லை. உழவும் அறுப்பும் அவனேதான். அடிமை வைத்துக்கொள்ளும் அளவுக்கு அவன் வீட்டில் சோறு இருந்ததில்லை.

இருந்தது ஒரே ஒரு வயல். முந்தின இரண்டு வருடமும் ஆற்று வெள்ளம் அதன் விளைச்சலைக் கொண்டுபோயிருந்தது. இந்த வருடம் வாற்கோதுமை மார்பளவு வளர்ந்து, கதிர் தலை சாய்ந்து, இன்னும் எட்டு நாளில் அறுக்கலாம் என்ற நிலையில் நின்றது. அது வீட்டுக்கு வராவிட்டால் வப்பன் பக்கத்து வயல்காரரான சண்டக ராசாவின் களத்தில் கூலிக்கு நிற்கத்தான் வேண்டும். கூலிக்கு நின்றவனுக்கு மன்றத்தில் ஆசனம் கிடையாது. அது கணத்தின் பழைய சட்டம். ஆகவே எட்டு நாள் வானம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்று அவன் தினமும் மேற்கே பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். கிழக்கே பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

குதிரை கிழக்கிலிருந்து வந்தது.

"ஏங்க ராசா," என்று அவன் மனைவி சோமா வாசலிலிருந்து கூப்பிட்டாள். கோபம் வந்தால்தான் அவள் அவனை அப்படிக் கூப்பிடுவாள். "உங்க வயல்ல எவனோ குதிரைய விட்டிருக்கான். கோட்டான் மாதிரி உக்காந்திருக்காம கம்ப எடுத்துட்டு வாங்க."

வப்பன் கம்பை எடுத்துக்கொண்டு ஓடினான். வயல் நடுவில் ஒரு வெள்ளைக் குதிரை நின்றது. பிடரியில் பொன்மணிகள் கோத்திருந்தார்கள். நிதானமாக, ருசி பார்த்து, முற்றிய கதிர்களை மட்டும் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தது. வரப்பில் நாற்பது வீரர்கள் வரிசையாக உட்கார்ந்து கால்களை நீட்டியிருந்தார்கள். பலருடைய செருப்புக்கு அடியே இல்லை. அவர்களின் தலைவன் ஒரு காலில் பச்சிலை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"ஏய்! யார் குதிரை இது? ஓட்டிட்டுப் போங்கய்யா!"

தலைவன் எழுந்தான். எழும்போது ஒரு முறை முனகினான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, நூறு முறை சொல்லிச் சலித்த குரலில் ஒரே மூச்சில் சொன்னான்: "இது பர்ண நாட்டு மன்னர் சுதன்வாவின் பரிவேள்விக் குதிரை. இது கால் வைக்கும் மண்ணெல்லாம் அவர் மண். ஒப்பாதவன் இதைக் கட்டட்டும். கட்டுகிறவன் எங்களோடு போர் செய்யட்டும்." கண்ணைத் திறந்தான். "என் பேரு பிங்கலன். தண்ணி கிடைக்குமா?"

வப்பன் கம்பை இறக்கவில்லை. "கட்டலைய்யா. எனக்கெதுக்கு உங்க குதிரை? வயலை விட்டு விரட்டிக்கறேன். அவ்வளவுதான்."

"நாங்களே விரட்ட முடியாது. அதுவா எங்க போகுதோ அங்க போகணும், நாங்க பின்னால போகணும். ஒரு வருசம். பதினோரு மாசம் முடிஞ்சுது. ஆனியில ஒரு ஏரிக்கரையில நின்னுது பாருங்க, அறுபது நாள். கொசு பிடுங்கி எடுத்துடுச்சு. ஒரு பொட்டைக் குதிரையப் பாக்கக் கூடாது, முழுக் குளியல் குளிக்கக் கூடாது. அது குதிரைக்குப் போட்ட சட்டம். நாங்களும் அதே மாதிரிதான் இருக்கோம்."

சுதன்வாவின் பேரரசு இப்படித்தான் பரந்துகொண்டிருந்தது. புல் நன்றாக இருந்த இடமெல்லாம் அவருடையது. மலைப் பக்கம் குதிரைக்குப் பிடிக்கவில்லை. அதனால் மலை நாடுகள் சுதந்திரமாக இருந்தன.

"நான் ஒரு அடி அடிச்சா?" என்று கேட்டான் வப்பன்.

பிங்கலன் தாடையைச் சொறிந்தான். "அது எனக்குத் தெரியாது. ஐயரக் கேக்கணும். ஐயரே!"

வரப்பின் கடைசியில் குடையின் கீழ் படுத்திருந்த மௌத்கலர் எழுந்து உட்கார்ந்தார். வேள்விச் சட்டம் முழுவதும் அவர் தலையில் இருந்தது. "அடிக்கிறது யார்?" என்று கேட்டார்.

"நான்தான்."

"நீர் யார்?"

வப்பனின் முதுகு தானாக நிமிர்ந்தது. "நான் ராசா."

மௌத்கலர் அவன் இடுப்புத் துணியைப் பார்த்தார். துணியில் இருந்த மூன்று ஒட்டுகளையும் பார்த்தார். பிறகு பிங்கலனைப் பார்த்தார். பிங்கலன், "இங்க அப்படித்தான் ஐயரே. ஓடத்துல ஆத்த தாண்டினதுலேர்ந்து எதிர்ல வர்றவனெல்லாம் ராசாதான். காலையில ஒருத்தரு சாணி அள்ளிட்டிருந்தாரு. அவரும் ராசா" என்றான்.

"ராசா அடித்தால் போர்," என்றார் மௌத்கலர்.

சோமா கம்பைப் பிடுங்கிக்கொண்டாள். "நான் ராசா இல்ல. நான் அடிக்கறேன்."

"மனைவியின் கை கணவனுடைய பாதிக் கை. போர்."

"எங்க மாட்ட விட்டு முட்டச் சொல்றேன்."

"மாடு யாருடையது?"

"எங்களுது."

"போர்."

வப்பனுக்கு ஒரு யோசனை வந்தது. சண்டகர் வீட்டு அடிமை ஒருவனைக் கூட்டி வந்தால் என்ன? அடிமையின் கை எஜமானின் கை என்றார் மௌத்கலர். கூலியாளின் கை, கூலி வாங்கிய அன்று பொழுது சாயும் வரை, கூலி கொடுத்தவரின் கை. இங்கே எஜமானர் எல்லோரும் ராசா. எந்தக் கையைப் பிடித்து மேலே போனாலும் போரில்தான் போய் முடிந்தது.

"யாருமே இல்லாத ஒருத்தன் அடிச்சா?" என்று கேட்டாள் சோமா. "நாடு இல்ல, ராசா இல்ல, எஜமான் இல்ல. அவன் அடிச்சா?"

மௌத்கலர் சற்று நேரம் விரல் மடக்கினார். "அப்படிப்பட்டவன் அடித்தால் அது காற்று அடித்த மாதிரி. மரக்கிளை உரசின மாதிரி. சட்டம் அதைப் பார்க்காது. ஆனால் பதினோரு மாதத்தில் அப்படி ஒருவனை நாங்கள் பார்க்கவில்லை, அம்மா."

குதிரை இரண்டடி தள்ளி நின்று அடுத்த கதிரைப் பிடித்தது.

வப்பன் மன்றத்துக்கு ஓடினான். அவன் சொல்வதற்குள் செய்தி போய்விட்டிருந்தது. பறை முழங்கியது, ராசாக்கள் வந்து குவிந்தார்கள். வாசலில் காவலாள் பெயர் கூவிக் கூவித் தொண்டை கட்டி, வப்பன் வந்தபோது வாயை மட்டும் அசைத்தான்.

குச்சிக்காரர் குண்டலன் எழுந்து நின்றார். வாக்குக் குச்சிகளைக் கொடுப்பதும் வாங்கி எண்ணுவதும் அவர் வேலை. தீர்மானத்தை மூன்று முறை சொல்வதும் அவரே. சம்மதம் என்றால் ராசாக்கள் பேசாமல் இருக்க வேண்டும். மறுப்பவர் வாயைத் திறக்கலாம். மூன்று முறை சொல்லி முடிக்கும் வரை ஒருவரும் வாய் திறக்காவிட்டால் தீர்மானம் நிறைவேறியது. தித்திரர் கணத்தில் அப்படி நிறைவேறிய தீர்மானங்கள் மிகக் குறைவு. ஆயிரத்து நூறு பேர் சேர்ந்து பேசாமல் இருப்பது லேசான காரியமல்ல.

"கணம் கேட்கட்டும். அந்நியன் குதிரை நம் மண்ணில் நிற்கிறது. அதைக் கட்டுவோம். சம்மதிக்கிறவர் பேசாமல் இருக்கட்டும்" என்றார் குண்டலன்.

அறுபது பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஆற்றங்கரையில் நிலம் உள்ள ராசாக்கள் போர் வேண்டாம் என்றார்கள். ஆற்றிலிருந்து இரண்டு நாள் நடை தள்ளி நிலம் உள்ளவர்கள் மானம்தான் பெரிது, ரத்தம் ஆறாக ஓடினாலும் சரி என்றார்கள். கிழவர் ஒருவர் எழுந்து, தித்திரர்களின் முதல் தந்தை கௌதாரியாக இருந்த காலத்திலிருந்து ஆரம்பித்தார். மத்தியானம் ஆகியும் கௌதாரி முட்டையிலிருந்தே வெளியே வரவில்லை. இன்னொருவர், குதிரை உண்மையிலேயே வெள்ளைதானா, வெள்ளையாக இல்லாவிட்டால் வேள்வியே செல்லாதே, என்று சந்தேகம் கிளப்பினார். அதைப் பார்த்து வர ஐந்து பேரை அனுப்பினார்கள். அவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மூன்று பேர் வெள்ளை என்றார்கள், இரண்டு பேர் சாம்பல் என்றார்கள்.

வப்பன் தூணுக்குப் பின்னாலிருந்து கையைத் தூக்கினான். யாருக்கும் கை தெரியவில்லை. எழுந்து கத்தினான்: "ராசாக்களே! அது என் வயலு! எட்டு நாள்ல அறுப்பு!"

முன்வரிசையிலிருந்து சண்டகர் திரும்பினார். சதைப்பிடிப்பான கழுத்து, அதனால் உடம்போடு சேர்ந்துதான் திரும்ப முடியும். "உங்க வயலப் பத்தி யாரும் பேசல, வப்ப ராசா. நாட்டோட மானத்தப் பத்திப் பேசிட்டிருக்கோம். உக்காருங்க."

பொழுது சாயும் நேரத்தில் குச்சிகள் வந்தன. கட்டுவதற்குச் சிவப்பு, விடுவதற்கு வெள்ளை. எண்ணிப் பார்த்துவிட்டு குண்டலன் தலையில் கை வைத்துக்கொண்டார். "ராசாக்களே, ஆளைவிடக் குச்சி ஏழு அதிகமா இருக்கு. யாரோ ரெண்டு ரெண்டு எடுத்திருக்கீங்க."

ஒவ்வொரு ராசாவும் பக்கத்து ராசாவைப் பார்த்தார். மறுநாளைக்குத் தள்ளிவைத்தார்கள்.

வப்பன் திரும்பி வந்தபோது வயலின் கிழக்கு மூலை போயிருந்தது. சோமா வரப்பில் உட்கார்ந்து, பிங்கலனின் காலுக்கு வேப்பெண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இவனுக்கு எதுக்குடி வைத்தியம் பண்ற?"

"அவரு கால் ஆறினா நடப்பாரு. நடக்கறவங்கள பாத்தா குதிரைக்கும் நடக்கணும்னு தோணலாம்ல. உங்க மன்றம் என்ன சொல்லிச்சு?"

"பேசிட்டிருக்காங்க."

"இதுவும் தின்னுட்டிருக்கு," என்றாள் சோமா. "இது ஒரு நாள்ல எவ்வளவு வேலை முடிச்சிருக்கு பாருங்க. ஒத்தைத் தலைதான்."

இரண்டாம் நாள் குச்சிகளைத் திரும்ப எடுத்தார்கள். சரிபாதியாகப் பிரிந்தது. தித்திரர்களுக்கு இது புதிதல்ல. சிக்கலான விஷயம் என்றால் எட்டுப் பேரைப் பொறுக்கி, அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு மற்றவர்கள் சாப்பிடப் போவது வழக்கம். எட்டுப் பேருக்குத் தலைவர் சண்டகர். வப்பன் தன்னையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டான். "வயல்காரர் குழுவுல இருந்தா நடுநிலை கெட்டுடும் ராசா" என்றார் குண்டலன் கனிவாக. சண்டகரின் கரும்பு வயல் குதிரைக்கு நூறு அடி தள்ளி இருந்தது. அது நடுநிலையைக் கெடுக்கவில்லை.

அன்று மாலைக்குள் வயலில் கால்பங்கு போனது. தின்றதைவிட மிதித்ததே அதிகம். குதிரை படுத்துப் புரண்ட இடத்தில் கதிர்கள் பாய் விரித்த மாதிரி கிடந்தன. வப்பன் குனிந்து ஒரு கதிரை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தான். மணி நன்றாகத்தான் முற்றியிருந்தது. இப்போதே அறுத்தால்கூடப் பெரிய சேதம் இல்லை. அரிவாளோடு வயலுக்குள் இறங்கினான்.

மௌத்கலர் குடையின் கீழிருந்து கையை உயர்த்தினார். "குதிரை மேயும் தீனியை அதன் முன்னாலிருந்து எடுப்பது அதைத் தடுப்பதாகும்."

"போரா?"

"போர்."

மூன்றாம் நாள் காலையில் எட்டுப் பேரும் மலர்ந்த முகத்தோடு மன்றத்துக்கு வந்தார்கள். சண்டகரே எழுந்து பேசினார். தூணைத் தாண்டி அவர் முழங்கை மட்டும் வப்பனுக்குத் தெரிந்தது. அது உற்சாகமாக ஆடியது.

"ராசாக்களே, நாம பெரிய தப்புப் பண்ணப் பாத்தோம். குதிரையக் கட்டலாமா விடலாமான்னு ரெண்டு நாள் மண்டைய உடைச்சுக்கிட்டோம். குதிரை நம்ம மண்ணுக்குள்ள வந்துச்சான்னு ஒருத்தர் கேட்டோமா? இல்ல. நாங்க போய்ப் பாத்தோம். நம்ம எல்லை கோரை ஓடை. இது எல்லாருக்கும் தெரியும். ஓடை இப்ப கிழக்கால ஓடுது. ஆனா எங்க தாத்தா காலத்துல எங்க ஓடிச்சு? என் கரும்புக்கும் வப்ப ராசா வயலுக்கும் நடுவுல ஓடிச்சு. பழைய தடம் இன்னும் பள்ளமா கிடக்குது. பழைய ஓடைதானே உண்மையான எல்லை? அப்படிப் பாத்தா அந்த வயலு நம்ம நாட்டுலயே இல்ல. எந்தக் காலத்துலயும் இருந்ததில்ல. குதிரை நம்ம மண்ண மிதிக்கவே இல்ல, ராசாக்களே! மிதிச்சிருந்தா நாம சும்மா விட்டிருப்போமா?"

மன்றம் ஆர்ப்பரித்தது. ரத்தம் ஆறாக ஓடட்டும் என்றவர்களும், போர் வேண்டாம் என்றவர்களும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். கௌதாரிக் கிழவர் அழுதேவிட்டார்.

"அப்ப நம்ம வப்ப ராசா?" என்று ஒருவர் கேட்டார்.

சண்டகர் குரலில் துக்கத்தை வரவழைத்துக்கொண்டார். "நாட்டுக்குள்ள நிலம் இல்லாதவருக்கு நாட்டுல ஆசனம் எப்படி? சட்டம் நம்ம எல்லாருக்கும் பொதுவுதானே. நல்ல மனுஷன். என் களத்துல வேலை எப்பவும் இருக்கு."

குண்டலன் எழுந்தார். "கணம் கேட்கட்டும். கோரை ஓடையின் பழைய தடமே நம் எல்லை. அதற்குக் கிழக்கே உள்ள வயலும், அதன் சொந்தக்காரரும் நம்மைச் சேர்ந்தவரல்லர். சம்மதிக்கிறவர் பேசாமல் இருக்கட்டும்."

வப்பன் எழுந்தே விட்டான். வாயைத் திறந்தான். ஒரு வார்த்தை போதும். யாராவது ஒருவர் மறுத்தால் குச்சிக்குப் போகும், குச்சியில் ஏழு அதிகம் வரும், மறுபடி எட்டுப் பேர். பதினோரு வருடத்தில் அவன் வாய் திறந்து பயன் உள்ள ஒரே நேரம் இதுதான். ஆத்திரத்தில் வெறும் இருமல்தான் வந்தது. இருமலை மறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டுமா என்று குண்டலன் ஒரு நொடி தயங்கிப் பார்த்துவிட்டு, இரண்டாம் முறை சொல்ல ஆரம்பித்தார்.

இரண்டாம் முறை சொல்லிக்கொண்டிருந்தபோது வப்பன் நாள்களை எண்ணினான். மறுத்தால் இன்னும் மூன்று நாள் பேசுவார்கள். மூன்று நாளில் குதிரை வயலை முடித்துவிடும். வயல் முடிந்தால் சண்டகரின் களம். களத்துக்குப் போனால் ஆசனம் போகும். மறுக்காவிட்டால் ஆசனம் இப்போதே போகும். இரண்டு வழியிலும் தூணுக்குப் பின்னால் அவன் இல்லை. அப்படியானால் இரண்டு வழிக்கும் என்ன வித்தியாசம்?

வித்தியாசம் வாற்கோதுமை. நாடு இல்லாதவன், ராசா இல்லாதவன், எஜமான் இல்லாதவன். அவன் அடித்தால் காற்று அடித்த மாதிரி.

இந்த யோசனை சரியா என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அவன் போட்ட கணக்குகள் பெரும்பாலும் தப்பாகத்தான் போயிருக்கின்றன. திரும்ப ஒரு முறை முதலிலிருந்து யோசித்தான். திரும்பவும் அதே இடத்துக்குத்தான் வந்தது. தூணில் கை வைத்தான். பதினோரு வருடம் சாய்ந்து சாய்ந்து அந்த இடம் வழவழவென்று ஆகியிருந்தது. அப்பாவும் அங்கேதான் சாய்ந்திருப்பார்.

குண்டலன் மூன்றாம் முறை சொன்னார். சம்மதிக்கிறவர் பேசாமல் இருக்கட்டும்.

வப்பன் பேசாமல் இருந்தான். ஆயிரத்து நூறு ராசாக்களும் பேசாமல் இருந்தார்கள். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "இப்படி ஒத்துமையா ஒரு தீர்மானத்த நான் பாத்ததே இல்ல" என்றார் குண்டலன்.

வெளியே போகும்போது காவலாள் என்ன கூவுவது என்று தெரியாமல் விழித்தான். வப்பன் அவனைத் தாண்டி ஓடிவிட்டான்.

வயல் வரப்பில் மௌத்கலர் காலை ஜபத்தை முடித்துவிட்டு வறுத்த மாவைப் பிசைந்துகொண்டிருந்தார். வப்பன் மூச்சு வாங்க அவர் முன்னால் நின்றான்.

"ஐயரே, கேளுங்க. நான் யாருன்னு கேளுங்க."

"நீர் யார்?"

"யாருமில்ல."

"முந்தாநாள் ராசா என்றீர்."

"அது முந்தாநாள். இன்னிக்கு மன்றமே சொல்லிடுச்சு. மூணு முறை. இந்த வயலு அவங்க நாட்டுல இல்லையாம். நானும் இல்லையாம். எனக்கு நாடு இல்ல, ராசா இல்ல, எஜமான் இல்ல, அடிமை இல்ல. ஒரு மாடு இருக்கு. அத நான் கூட்டிட்டு வரல."

மௌத்கலர் மாவுக் கையை நீட்டியபடியே நெடுநேரம் யோசித்தார். பிங்கலனும் நாற்பது வீரர்களும் அவர் வாயையே பார்த்தார்கள். வப்பனைவிட அவர்களுக்குத்தான் ஆவல் அதிகமாக இருந்தது.

"காற்று," என்றார் மௌத்கலர் கடைசியில். "அடிக்கலாம்."

வப்பன் கம்பை எடுத்தான். குதிரையின் பின்னால் போய், ஒரு அடி வைத்தான். ஓங்கி அடிக்கக் கை வரவில்லை. முதல் அடி தட்டிக்கொடுத்த மாதிரிதான் விழுந்தது. "ராசா அடிக்கற அடியா இது?" என்று வரப்பிலிருந்து சோமா கத்தினாள். இரண்டாவது அடி நன்றாக விழுந்தது.

பதினோரு மாதமாக அந்தக் குதிரையை ஒருவர் அதட்டியதுகூட இல்லை. நாடு நாடாக மனிதர்கள் அதன் முன்னால் விழுந்து கும்பிட்டிருந்தார்கள். அது திரும்பி வப்பனைப் பார்த்தது. அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இப்படியும் ஒன்று உண்டா என்ற வியப்புத்தான் இருந்தது. மூன்றாவது அடியில் நடந்தது. நான்காவதில் ஓடியது. பழைய ஓடைப் பள்ளத்தைத் தாண்டி, சண்டகரின் கரும்புக்குள் நுழைந்தது.

வீரர்களில் ஒருவன் சந்தோஷத்தில் கைதட்டினான். பிங்கலன் அவனை முறைத்துவிட்டு வப்பனிடம் வந்தான்.

மௌத்கலர் கையைக் கழுவிக்கொண்டு அறிவித்தார்: "அரசன் இல்லாத இந்த நிலத்தில் குதிரை மூன்று நாள் தங்கியது; தடுத்தவர் யாருமில்லை. ஆகவே இது இன்று முதல் சுதன்வாவின் நிலம். வேள்வி முடிந்ததும் விளைச்சலில் ஆறில் ஒரு பங்கு வாங்க ஆள் வரும்."

வப்பன் மிச்சக் கதிரை மனதுக்குள் ஆறாகப் பங்குபோட்டுப் பார்த்தான். பிங்கலன் குனிந்து அவன் காதோடு சொன்னான்: "பயப்படாதீங்க. யாரும் வரமாட்டாங்க. எங்க ராசாவுக்கு அவரு புடிச்ச நாடு எதுவும் எங்க இருக்குன்னு தெரியாது. எங்களுக்கே வந்த வழி மறந்துடுச்சு." பிறகு சோமாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, செருப்பு தேய்ந்த நாற்பது பேரோடு கரும்பை நோக்கி நொண்டிக்கொண்டு போனான்.

அவர்கள் போய்ச் சேர்வதற்குள் சண்டகர் வந்துவிட்டார். மன்றத்தில் வெற்றி விருந்து நடந்துகொண்டிருந்தது போலும். மோவாயில் நெய் ஒட்டியிருந்தது. கரும்பு முறியும் சத்தம் நூறு அடி தள்ளியிருந்த இங்கேயே கேட்டது.

"வப்பா! என்னடா பண்ணின? விரட்டுடா அத!"

"நீங்க விரட்டுங்க."

"நான் எப்படி விரட்டறது? நான் ராசா! நான் தொட்டா போராயிடும்!" சண்டகர் மூச்சு வாங்கினார். "நீதான் யாரும் இல்லையே. உன்னாலதான் முடியும். வா, கூலி வாங்கிக்க. எவ்வளவு வேணா கேளு."

போய்க்கொண்டிருந்த மௌத்கலர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "கூலி கொடுத்தால் கை உம்முடையது."

சண்டகரின் முகம் சிவந்தது. பிறகு, வப்பன் அதுவரை கேட்டறியாத ஒரு மெல்லிய குரலில், "வப்ப ராசா" என்று ஆரம்பித்தார். "நமக்குள்ள என்ன இருக்கு? கூலி வேணாம். ஒரு உதவியா நினைச்சுக்குங்க. இன்னிக்கே தீர்மானம் கொண்டுவர்றேன். ஓடை எந்தப் பக்கம் ஓடினா நமக்கென்ன? உங்க ஆசனம் உங்களுக்குத்தான். தூணுக்கு முன்னாலயே போடச் சொல்றேன். என் பக்கத்துல."

தூணுக்கு முன்னால். வப்பன் அதை ஒரு நொடி கண்ணால் பார்த்தான்: பேசுகிறவர்களின் முகங்கள், குண்டலனின் கையில் உள்ள குச்சிகள், முன்வரிசையின் கம்பளம். வாசலில் அந்தக் கூவல். பார்க்கக் கூடாது என்று நினைத்தும் சோமாவைப் பார்த்தான். அவள் விரலால் தன் அரிவாளின் கூரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விரட்டறேன்," என்றான் வப்பன் மெதுவாக. "விரட்டினா அது எங்க போகும்?"

"எங்க வேணா போகட்டும்!"

"உங்க கரும்புக்கு அந்தப் பக்கம் முள்வேலி. வடக்கால மன்றத்துச் சுவரு. தெக்கால ஆறு, முழுக் குளியல் கூடாதுன்னு இவங்க அதுல இறங்க விடமாட்டாங்க. என் வயலுக்குத்தான் திரும்பி வரும். அப்ப நான் ராசாவா இருப்பேன். கம்பத் தொட முடியாது."

"அதுக்கு அப்புறம் மன்றம் கூடி முடிவு பண்ணலாமே!"

"பண்ணலாம் ராசா," என்றான் வப்பன். குனிந்து அரிவாளை எடுத்துக்கொண்டான்.

சண்டகர் கொஞ்ச நேரம் நின்று திட்டினார், கெஞ்சினார், பிறகு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மன்றத்தை நோக்கி ஓடினார். அவ்வளவு வேகமாக அவர் ஓடி ஊரில் யாரும் பார்த்ததில்லை. சற்று நேரத்தில் பறை முழங்க ஆரம்பித்தது.

வயலில் பாதிக்குச் சற்று அதிகமாக நின்றது. மிதிபட்ட பக்கத்திலும் பொறுக்கினால் கொஞ்சம் தேறும். சோமா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த சாலில் இறங்கினாள்.

"இன்னும் அஞ்சு நாள் விட்டா நல்லா காயும்," என்றாள். "உங்க மன்றம் பேசி முடிக்க அவ்வளவு நாளாகும்ல?"

"நம்ம வயலா இருந்தா ஆகும்," என்றான் வப்பன். "இப்ப அது அவரு கரும்புல நிக்குது. இன்னிக்கு மத்தியானமே முடிவெடுத்துடுவாங்க. ஏதாவது ஒரு வழி கண்டுபிடிச்சு அத நம்ம பக்கம் திருப்பி விடுவாங்க. பேசாம அறு."

இருவரும் குனிந்தார்கள்.